கோட்டையைக் கடைசியில் பார்ப்போம்: தரங்கம்பாடியில் ஒரு பகல்

தரங்கம்பாடிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே வழியில்தான் ஊரைப் பார்க்கிறார்கள். சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் வெள்ளையடித்த நகர வாயில். டேனியர்கள் 1792இல் எடுத்துக் கட்டியது. அதைத் தாண்டினால் கிங் தெரு, பழைய பங்களாக்கள், சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம். தெரு முடியும் இடத்தில் திறந்த வெளி, அதன் ஓரத்தில் கடலை ஒட்டி டேன்ஸ்போர்க் கோட்டை. கோட்டைக்குள் அருங்காட்சியகத்தை ஒரு சுற்று, வெளியே வந்து அலை முன்னால் நான்கு படம், ஒரு சுண்டல் பொட்டலம், பிறகு வண்டி. திருக்கடையூரில் பெரியவருக்கு அறுபதாம் கல்யாணம் முடித்துவிட்டுத் திருநள்ளாறுக்கோ நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ போகிற வழியில் கிடைக்கும் ஒரு மணி நேரம் இப்படிக் கழிகிறது. 'டேனிஷ் ஊர்' பார்த்தாயிற்று என்ற நிறைவோடு போகிறார்கள். யார் மேலும் குறை சொல்ல முடியாது. பெயர்ப்பலகையும் வழிகாட்டியும் சுற்றுலாக் கையேடும் அந்த வழியைத்தானே காட்டுகின்றன?

ஆனால் அந்த வழி ஊரைத் தப்பாகப் பார்க்க வைக்கிறது என்பது என் வாதம். அந்தக் கட்டடங்கள் பார்க்கத் தகாதவை என்று நான் சொல்லவில்லை. சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் இவ்வளவு சேர்ந்தாற்போல் நிற்கும் பழைய ஐரோப்பிய வீதி புதுச்சேரியை விட்டால் வேறு எங்கே இருக்கிறது? குறை வரிசையில்தான். 1620இல் தொடங்கி 1845இல் முடிந்த இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகளை முதலில் காட்டிவிட்டால், அதற்கு முன்னால் இருந்ததும் பின்னால் வந்ததும் கோட்டைக்குப் பின்னணித் திரையாகிவிடுகின்றன. ஒரு பகல் முழுவதும் கையில் இருந்து, உடன் ஒரு நண்பரும் இருந்தால், வரிசையைத் தலைகீழாக்கிப் பார்க்கலாம். காலையில் கடற்கரை, வெயில் ஏறும்போது தெருக்கள், மாலையில் கோட்டை. அப்படிப் பார்த்தால் டேனியர்கள் இந்த ஊரில் எவ்வளவு இடம் பிடித்திருந்தார்கள், எவ்வளவு பிடிக்கவில்லை என்பது தெரியும்.

கரையிலிருந்து தொடங்கினால் முதலில் எதிர்ப்படுவது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளிலேயே, கட்டப்பட்டது. அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. அரசன் பெயரைச் சூட்டிப் பட்டினம் என்று அழைக்கும் அளவுக்கு இது அப்போதே வணிகர் வந்துபோகிற துறையாக இருந்தது என்பதற்கு அந்தக் கல் சாட்சி. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய சாட்சி. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள் எஞ்சியதைக் காக்கின்றன. பயணிகளில் பெரும்பாலோர் இதைக் கோட்டையிலிருந்து தூரத்தில் பார்த்து 'இடிந்த கோயில்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊரின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கட்டடம், ஊரைப் பார்க்க வந்தவர்களின் பட்டியலில் கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. இதைவிட விந்தை வேண்டுமா?

டேனியர் வந்த கதையும், கரையிலிருந்து பார்க்கும்போது வேறு மாதிரி படிக்கக் கிடைக்கிறது. பொதுவாகச் சொல்லப்படுவது: டென்மார்க் நான்காம் கிறிஸ்தியான் மன்னர் காலத்தில் ஓவே யெடெ என்ற இளம் கடற்படைத் தலைவர் வந்தார், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்தார், கோட்டை கட்டினார். இதில் எல்லா வினைச்சொற்களுக்கும் எழுவாய் டேனியர்தான். உண்மையில் 1618இல் கிளம்பிய அந்தக் கப்பல்கள் தேடி வந்தது இலங்கையை. கண்டி அரசனோடு உறவு வைத்து அங்கே கால் ஊன்றுவதுதான் திட்டம். அது கைகூடவில்லை. முன்னதாக அனுப்பப்பட்ட கப்பலோ காரைக்கால் பக்கம் போர்ச்சுக்கீசியரிடம் அடிபட்டு மூழ்கியது. அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சை அரசவையை அடைந்த பிறகுதான் தரங்கம்பாடி என்ற பெயரே பேச்சில் வருகிறது. நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர் வலுவாக உட்கார்ந்திருந்த நேரத்தில், அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வெள்ளைக்காரக் கும்பெனி தன் கரையில் இருப்பது நாயக்கருக்கு வசதி. இடம் கொடுத்தவர் அவர். ஆண்டுதோறும் அரண்மனைக்குப் பணம் கட்டியவர்கள் இவர்கள். ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு அரசன் இன்னொரு அரசனுக்கு எழுதிய கடிதம் அது. குடியேற்றத்தின் கதையாக மட்டும் இதைச் சொன்னால் அந்த ஓலைக்கு இடமில்லாமல் போகிறது.

அடுத்த சான்று இன்னும் கூர்மையானது. கும்பெனி தொடங்கிய வேகத்திலேயே நொடித்தது. 1640களில் தொடங்கி 1669 வரை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக, டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் தரங்கம்பாடிக்கு வரவில்லை. கடைசியில் இங்கே மிஞ்சிய டேனியர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற ஒருவர்தான். பெரிய குடும்பத்துக்காரர் அல்லர், சாதாரண சிப்பந்தியாக வந்தவர். ஊரைச் சுற்றி மதில் எழுந்தது அவர் பொறுப்பில் இருந்தபோது. ஒற்றை ஆள் ஒரு மதிலைக் கட்ட முடியுமா? கல் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், காவல் நின்றவர், வங்காள விரிகுடாவில் கப்பலோட்டியவர் எல்லாம் இந்தக் கரையின் ஆட்களும் போர்ச்சுக்கீசியக் கலப்பு வழி வந்தவர்களும்தான். 'டேனிஷ் தரங்கம்பாடி' என்று நாம் சொல்லும் காலத்தின் ஒரு பெரும்பகுதியில், ஊரில் டேனியரை விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் ஒரு விரலே போதும்.

இந்த இடத்தில் நண்பர் குறுக்கிடுவார். குறுக்கிட வேண்டும், அதற்குத்தான் நண்பர். நாற்பது பேர் கொண்ட சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி ஒப்பிப்பதை யாரும் மறிப்பதில்லை. தனியாக வருகிறவர் பலகையில் எழுதியதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். இரண்டு பேர் நடக்கும்போதுதான் 'அதெப்படி?' என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி இப்படி இருக்கலாம்: சரி, ஆட்கள் தமிழர்கள்தான், ஆனால் இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அச்சுக்கூடம் அல்லவா, அது வந்தது ஐரோப்பாவிலிருந்து அல்லவா? நியாயமான கேள்வி. பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்தார்கள். இருவரும் ஜெர்மானியர்கள், அனுப்பியவர் டென்மார்க் மன்னர். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் வைத்தார்கள். இதில் ஒன்றையும் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. கூட்டிச் சொல்வதைத்தான் நிறுத்த வேண்டும். தமிழின் முதல் அச்சு நூல் இங்கேதான் பிறந்தது என்று இன்றும் சிலர் சொல்லிவிடுகிறார்கள். 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சான ஆண்டு 1578. சீகன்பால்கு பிறப்பதற்கே அப்போது ஒரு நூற்றாண்டு பாக்கி இருந்தது.

அச்சுக்கூடத்தின் கதைக்குள்ளேயும் ஊர் இருக்கிறது, தேடினால். சீகன்பால்கு தமிழ் எழுதக் கற்றது திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து. பேசக் கற்றது அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரிடம். வந்த இரண்டே ஆண்டுகளில், 1708இல், தான் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார் என்றால், அந்தச் சுவடிகள் இந்த வட்டாரத்து வீடுகளில் இருந்தன, எழுதி வைத்தவர்களும் விற்றவர்களும் பொருள் சொன்னவர்களும் இருந்தார்கள் என்று அர்த்தம். ஹாலேயில் வார்த்த எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க வேண்டியிருந்தது. தமிழர் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அது வெளிவந்தது 1867இல், சென்னையில். இந்த நாட்டவர் மேல் ஐரோப்பாவில் இருந்த அக்கறை எந்த எல்லையோடு நின்றது என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை. டேனியக் கும்பெனிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆளுநர் ஹாசியுஸ் அவரைப் பிடித்து நான்கு மாதம் இதே கோட்டையில் சிறை வைத்தார். வழிகாட்டிகள் ஒரே மூச்சில் 'டேனியர் நமக்குத் தந்தவை' என்று கோட்டையையும் அச்சகத்தையும் சேர்த்துச் சொல்லும்போது, ஒன்று மற்றதைப் பூட்டி வைத்த செய்தி காணாமல் போகிறது.

வெயில் ஏறிவிட்டால் தெருக்கள் நல்லவை. மதிலுக்குள் இருந்த பழைய ஊரைக் குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கிங் தெருவின் தூண் வைத்த முகப்புகளை விட்டுப் பக்கத்துத் தெருக்களுக்குள் போனால் ஓட்டு வீடுகள், மரத்தூண் வைத்த திண்ணைகள், பள்ளிவாசல், கத்தோலிக்கர் தெரு என்று வேறொரு வரைபடம் விரிகிறது. கும்பெனி இங்கிருந்து ஏற்றியது முக்கியமாகத் துணி. சோழமண்டலக் கரையின் துணியைக் கிழக்கே கொண்டுபோய்க் கொடுத்துக் கிராம்பும் மிளகும் வாங்குவது பழைய வியாபாரம். முஸ்லிம் வணிகர்களும் செட்டிகளும் ஏற்கெனவே செய்துவந்தது. டேனியர் அதில் ஒரு பங்காளியாகச் சேர்ந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தும் பிரான்சும் அடித்துக்கொண்டபோது, போரில் சேராத நாட்டுக் கொடி என்பதால் டேனியக் கப்பல்களுக்கு நல்ல காலம் பிறந்தது. ஆங்கிலேயக் கும்பெனி ஊழியர்கள் தாங்கள் கள்ளத்தனமாகச் சேர்த்த பணத்தை ஊருக்கு அனுப்பவும் இந்தக் கொடி உதவியது. கிங் தெருவின் மிடுக்கான வீடுகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது அந்தக் காசுதான். ஆளுநர் கோட்டையை விட்டு வெளியே வந்து பங்களாவில் குடியேறியதும் அந்தச் செழிப்பில்தான். இன்னொன்று எந்தப் பலகையிலும் பெரிய எழுத்தில் இருக்காது: 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதில் டேனியருக்கும் பங்கு உண்டு. அழகான வீதியில் நடக்கும்போது இதைப் பேசுவது மகிழ்ச்சியான காரியமல்ல. ஆனால் நண்பரோடு பேச முடியாததை வேறு யாரோடு பேசுவது?

இந்த வாதத்துக்கு எதிராக உள்ள வலுவான பேச்சு பணத்தைப் பற்றியது. டேனிஷ் என்ற முத்திரை இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒரு சுவரும் நின்றிருக்காது என்பார்கள். பெருமளவு உண்மை. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்த பிறகு வியாபாரம் அங்கே போய்விட்டது. ஆங்கிலேயர் 1845இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வங்காளத்துச் சேராம்பூரோடு சேர்த்து வாங்கிய இந்த ஊரை அவர்களே மறந்துபோனார்கள். 1926இல் மயிலாடுதுறையிலிருந்து போட்ட ரயில் பாதையும் 1980களில் மூடப்பட்டது. கோட்டையையும் ஆளுநர் பங்களாவையும் பழுதுபார்க்க டென்மார்க்கின் தரங்கம்பாடிச் சங்கமும் டேனிய தேசிய அருங்காட்சியகமும் தமிழக அரசோடு கைகோத்தன. முத்திரையால் பணம் வந்தது, பணத்தால் கூரை நின்றது. ஆனால் அந்தப் பணத்தின் ஒரு பகுதி எங்கே போனது என்று பார்த்தால் என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் கோல்ட்ஸ்மித் தெருவில் சாதாரண ஓட்டு வீடுகளையும் எடுத்துச் சீர்செய்தது. அதற்கும் டேனிய அறக்கட்டளைப் பணம் கிடைத்தது. கொடுத்தவர்கள் டேனியக் கட்டடத்துக்கு மட்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. பார்க்க வருகிற நாம்தான் பிடிக்கிறோம். திருத்திய ஓட்டு வீட்டின் திண்ணை முன்னால் நின்று படம் எடுப்பவர் எத்தனை பேர்?

காலைக் கடற்கரையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த ஊரின் பெரிய உண்மை அங்கேதான் இருக்கிறது. சுற்று வட்டாரத்து அறுபத்து நான்கு மீனவ ஊர்களுக்குத் தரங்கம்பாடி தலைமை கிராமம் என்ற மதிப்பு வழிவழியாக உண்டு. எந்த வலையை எந்தக் கடலில் விடலாம், சண்டை வந்தால் யார் பேசித் தீர்ப்பது, கடலுக்கு என்று போகக் கூடாது என்பதை ஊர்ப் பஞ்சாயத்து கூடி முடிவெடுக்கும். சுருக்குமடி வலை வேண்டாம் என்று அண்மைக் காலத்தில் மயிலாடுதுறைக் கடலோரத்தில் எழுந்த பிரச்சினையில் தரங்கம்பாடி முன்னால் நின்றது இந்தத் தலைமையின் தொடர்ச்சிதான். நாயக்கர் ஆட்சி, டேனியர் ஆட்சி, ஆங்கிலேயர் ஆட்சி எல்லாம் வந்து போய்விட்டன. கோட்டையில் இன்று கண்ணாடிப் பெட்டிகள் இருக்கின்றன. கோட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வரலாறு பார்க்க வந்தவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீரங்கியைப் படம் எடுக்கிறார்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் நடந்ததும் வரலாறுதான். ஆழிப்பேரலையில் மீனவர் குடியிருப்பு பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. அடுத்த மார்ச்சில் வந்த அரசாணை, அலை எட்டும் கோட்டிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு தரப்படும் என்றும், அங்கேயே இருக்க விரும்பினால் இருக்கலாம், ஆனால் வீடு கட்ட உதவி கிடையாது என்றும் சொன்னது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இங்கே கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸைக் கொண்டு வீடுகளைத் திட்டமிட்டபோது, மரங்களை வெட்டாமல், ஒவ்வொரு குடும்பத்தோடும் பேசிக் கட்டுவது என்ற நோக்கம் இருந்தது. மறுகட்டுமானம் படிக்கும் மாணவர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கரையோரத்துப் பழைய பங்களாக்களில் சில பயணியர் விடுதிகளாகிவிட்டன. கடலை நம்பிப் பிழைப்பவர்கள் உள்ளே தள்ளிப் போக, கடலைப் பார்க்க வருகிறவர்கள் முன்னுக்கு வந்திருக்கிறார்கள். யாரையும் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. காலையில் அந்த விடுதிகளின் பக்கமிருந்து படகுகள் கிடக்கும் பக்கம் வரை நடந்தால் யாரும் விளக்காமலே கண்ணில் படும் உண்மை இது.

மீனவர் வாழ்க்கையைக் காட்சிப் பொருளாக்கலாமா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். ஆக்கக் கூடாது. ஆனால் நான் சொல்வது யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கச் சொல்வதல்ல. படகு கரையேறுவதும் மீன் ஏலம் போவதும் பொது இடத்தில், எல்லோர் முன்னாலும் நடக்கும் வியாபாரம். சந்தைக்குப் போகிறவர் நடந்துகொள்வதுபோல் நடந்துகொண்டால் போதும்: வழியில் நிற்காமல், கேட்காமல் படம் எடுக்காமல், பேரம் நடக்கும்போது குறுக்கே பேசாமல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதைத் தெரிந்துகொண்டு போவது இன்னும் நல்லது. அப்போது ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும், கரையில் வலை பின்னும் வேலை கூடுதலாக இருக்கும். உண்மையில் காட்சிப் பொருளாக்குவது தூரத்திலிருந்து, சூரிய உதயத்துக்கு முன்னால் ஒரு கரிய உருவமாக மீனவரைப் படம் எடுத்துப் போவதுதான். கிட்டப் போனால் அவர் விலை சொல்கிற ஆளாகிவிடுகிறார்.

சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் இவ்வளவு சிந்தனை எதற்கு, ஒரு நாள் விடுமுறையில் காற்று வாங்க வந்தவரை வகுப்பில் உட்கார வைக்கலாமா என்றும் கேட்கலாம். நியாயம். ஆனால் நான் எதையும் கூட்டவில்லை. நடக்கும் தூரம் அதே, செலவு அதே, கட்டடங்களும் அதே. நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். அதில் வசதியும் உண்டு. விடியலில் கரை குளிர்ச்சி, காலையில் கோயில் நடை திறந்திருக்கும், படகு வருவதும் காலையில். உச்சி வெயிலில் கோட்டை முன்னால் உள்ள திறந்த வெளியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய தண்டனை என்று. அந்த நேரத்துக்குத் தெருக்களின் நிழலும் ஆலயங்களின் உயரமான கூரையும்தான் சரி. புதிய எருசலேம் ஆலயம் 1718இல் கட்டி முடிந்தது. சீகன்பால்கு மறு ஆண்டே, முப்பத்தேழு வயது நிறையும் முன்னே இறந்தார்; கல்லறை உள்ளே இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பொறையாறு பக்கம்.

பிறகு, நான்கு மணிவாக்கில், கோட்டை. காலையிலேயே போயிருந்தால் மேல்தளத்தில் ஆளுநர் இருந்த கூடத்தையும் குவிந்த கூரைகளையும் பார்த்து வியந்திருக்கலாம். இப்போது கண் முதலில் கீழே போகும். கீழ்த்தளத்தில்தான் கிடங்கும் சமையலறையும் சிறையும் இருந்தன: சோழமண்டலத் துணி மூட்டைகள் கிடந்த இடம், எதிர்த்துப் பேசியவரைப் பூட்டி வைத்த இடம். வந்திறங்கிய வெளிநாட்டார் சிலர், தங்களுக்கு இடம் கொடுத்த அரசனுக்குப் பணம் கட்டிக்கொண்டு, சரக்கையும் உயிரையும் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிய கிடங்கு என்று பார்த்தால் கோட்டை சின்னதாகிவிடுமே என்று உடன் வந்தவர் சொல்லக்கூடும். ஆகட்டும். அந்த அளவில்தான் அது கட்டப்பட்டது. மேல்தளத்திலிருந்து வடக்கே பார்த்தால் மாசிலாமணிநாதர் கோயில் தெரியும், அதைத் தாண்டிப் படகுகள். டேனியக் காவல்காரர்கள் கப்பலை எதிர்பார்த்து நின்ற இடமும் இதுதான். அவர்கள் பெரும்பாலும் கிழக்கேதான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.